கோப்பை வாங்கியும் நிற்காத அணிகள்

சென்னை சூப்பர்ஸ்டார்ஸ், சென்னை ஸ்லாம், சென்னை ஸ்பார்ட்டன்ஸ். முதலாவது கிரிக்கெட், இரண்டாவது கூடைப்பந்து, மூன்றாவது வாலிபால். மூன்றுமே சம்பளம் கொடுத்து ஆள் சேர்த்த தொழில்முறை அணிகள். மூன்றும் தத்தம் லீகில் பட்டம் வென்றவை. இன்று மூன்றும் இல்லை. 2017-ல் சச்சின் டெண்டுல்கரைப் பங்குதாரராகக் கொண்டு கபடிக்கு வந்த தமிழ் தலைவாஸ் ஒருமுறைகூடக் கோப்பையைத் தொட்டதில்லை. பல பருவங்கள் பட்டியலின் அடியில் கிடந்த அணி அது. பயிற்சியாளரை மாற்றும், தலைவரை மாற்றும், மறுவருடம் மறுபடி வந்து நிற்கும். வென்றவை போய், தோற்றது நிற்கிறதென்றால் ஓர் அணியின் ஆயுளைத் தீர்மானிப்பது ஆட்டத் திறமை அல்ல. வேறு எது என்று பார்க்க மூன்றில் சென்னை ஸ்லாம்தான் தோதான உதாரணம். காரணம், அது ஆடிய ஆட்டத்துக்குத் தமிழ்நாட்டில் நூறாண்டுப் பழக்கம் இருக்கிறது. மண் புதிதென்று சொல்லித் தப்பிக்க முடியாது.

ஜேம்ஸ் நெய்ஸ்மித் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் இந்த ஆட்டத்தை வகுத்தது 1891 டிசம்பரில். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் 1920-ல் மதராஸில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். பிற்பாடு நந்தனத்தில் நிலைபெற்ற அந்தக் கல்லூரியில் படித்தவர்கள் உடற்பயிற்சி ஆசிரியர்களாகத் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குப் போனார்கள். பி.டி. வாத்தியார் போன இடத்துக்கெல்லாம் விசிலோடு கூடைப்பந்தும் போனது. மிஷன் பள்ளி வளாகங்களில் சிமெண்டுத் தளமும் இரண்டு கம்பமும் எழுந்தன. கிரிக்கெட்டுக்குக் கிளப்பும் புல்தரையும் வேண்டியிருந்த காலத்தில், கூடைப்பந்துக்குப் பள்ளிக்கூடமே போதுமானதாக இருந்தது. அது எட்டிய இடமும் அவ்வளவுதான். கிராமத்துப் பொட்டலில் இந்தப் பந்தைத் தட்டினால் எழும்பாது. வலை கட்டினால் வாலிபால், கோடு கிழித்தால் கபடி என்பதுபோல் இதை நினைத்த இடத்தில் ஆட முடியாது.

அதனால் ஜெகதாப்பட்டினம் போன்ற கடற்கரை ஊரிலிருந்து பார்க்கும்போது கூடைப்பந்து டவுன் பிள்ளைகளின் ஆட்டமாகத்தான் தெரியும். கோட்டைப்பட்டினத்தை அடுத்து, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி விசைப்படகுகள் நிற்கும் ஊர் இது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் கிடக்கும் அந்த நாட்களில்தான் இந்தக் கரை நெடுக உள்ள ஊர்களில் வாலிபால் தொடர் போட்டிகளுக்கு நோட்டீஸ் அடிப்பார்கள். அந்த நோட்டீஸை ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். முதல் பரிசு இவ்வளவு ரூபாய், கொடுப்பவர் இன்னார், சிங்கப்பூர். இரண்டாம் பரிசு இவ்வளவு, கொடுப்பவர் இன்னார், சவூதி. கோப்பை இன்னார் நினைவாக, அவர் பிள்ளைகள். பந்து, வலை, மைக் செட், சாப்பாடு என்று ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பெயர். போட்டி நின்றுபோனால் அந்தப் பெயருக்கெல்லாம் குறைவு வரும். எவருமே சொந்த ஊரில் பெயர் கெட விடமாட்டார்கள். அதனால் அடுத்த வருடமும் போட்டி நடக்கும்.

சென்னை ஸ்லாமின் கதையில் அப்படிப்பட்ட பெயர் எங்கே இருக்கிறது என்று தேடினால் சிக்கல் புரிய ஆரம்பிக்கும்.

யூ.பி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்பட்ட யுனைடெட் பாஸ்கெட்பால் அலையன்ஸ் 2015-ல் தொடங்கியது. முன்னின்று நடத்தியவர் டாமி ஃபிஷர் என்ற அமெரிக்கர். சென்னை ஸ்லாம், பெங்களூரு பீஸ்ட், ஹைதராபாத் ஸ்கை, மும்பை சேலஞ்சர்ஸ், புனே பேஷ்வாஸ், டெல்லி கேப்பிடல்ஸ், ஹரியானா கோல்டு, பஞ்சாப் ஸ்டீலர்ஸ் என்று எட்டு அணிகள். இதில் டெல்லி கேப்பிடல்ஸ் என்ற பெயரை 2018 கடைசியில் ஐ.பி.எல். அணி ஒன்று சூடிக்கொண்டது. அது ஏற்கெனவே ஒரு கூடைப்பந்து அணியின் பெயராக இருந்தது என்பது எவருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை. எட்டு அணிகளும் எவ்வளவு லேசாக வந்து போயின என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

தொடங்கிய நேரத்தைக் குறை சொல்ல முடியாது. முந்தின வருடம், 2014 ஜூலையில், சீனாவின் வூஹானில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியா சீனாவை அதன் சொந்த மண்ணிலேயே 65-58 என்று வென்றிருந்தது. 2015 ஜூனில் பஞ்சாப்பின் பல்லோ கே கிராமத்து சத்னம் சிங்கை டல்லஸ் மேவரிக்ஸ் அணி 52-ஆவது ஆளாக என்.பி.ஏ. தேர்வில் எடுத்தது. அந்தத் தேர்வில் எடுக்கப்பட்ட முதல் இந்தியர் அவர். இந்தியாவில் கூடைப்பந்து கிளம்பிவிட்டது என்று நம்பக் காரணங்கள் இருந்தன. டென் ஸ்போர்ட்ஸில் ஆட்டங்கள் வந்தன. மூன்று ஆண்டுகளில் நான்கு பருவங்கள் நடந்தன. சென்னை ஸ்லாம் கோப்பையும் வென்றது. 2017-க்குப் பிறகு லீக் கூடவில்லை. சண்டையோ வழக்கோ ஊழல் செய்தியோ கிடையாது. அடுத்த பருவத்துக்கான தேதி வரவில்லை, அவ்வளவுதான்.

லீக் ஒன்றுமே செய்யவில்லை என்பது நியாயமில்லை. யூ.பி.ஏ.வில் ஆடிய பஞ்சாப்பின் பல்ப்ரீத் சிங் பிராரை 2016-ல் என்.பி.ஏ.வுக்கு அடுத்தபடியான அமெரிக்க டி-லீக் தேர்வில் லாங் ஐலண்ட் நெட்ஸ் எடுத்தது. தேசிய அணியில் இடம் கிடைக்காத பல பையன்களுக்கு விளக்கு வெளிச்சத்தில், கேமரா முன்னால் ஆடிய அனுபவம் கிடைத்தது. ஆனால் லீக்கின் அமைப்பில் அணிக்கு ஊர் என்பது பனியனில் எழுதியிருந்த பெயர் மட்டுமே. சென்னை ஒரு வாரம் தன் அரங்கில் ஆடி, அடுத்த வாரம் பெங்களூருக்குப் போய் ஆடும் ஏற்பாடு இல்லை. அணிகளைக் கூட்டமாக ஓரிடத்தில் சேர்த்து, சில வாரத்தில் ஆட்டங்களை முடித்து, படம்பிடித்து ஒளிபரப்புவார்கள். பெரியமேட்டு நேரு உள்ளரங்கிலோ வேறெங்கோ டிக்கெட் வாங்கி, வருடா வருடம் அதே இருக்கையில் உட்காரும் ஒரு சென்னைக்காரரை இந்த ஏற்பாடு உண்டாக்கவே முடியாது. ஊரறிந்த உரிமையாளர் என்றும் எவரும் இல்லை. தோற்றால் திட்டுவதற்குக்கூட ஒரு முகம் கிடையாது.

இது கூடைப்பந்துக்கு மட்டும் நேர்ந்த விபத்தல்ல. 2007 டிசம்பரில் இந்தியன் கிரிக்கெட் லீக் முதல் 20-20 போட்டியை நடத்தியது. அத்தனை ஆட்டமும் பஞ்ச்குலாவில். ஸ்டூவர்ட் லா தலைமையில், ஹேமங் பதானி போன்ற நம் ஆட்களோடு சென்னை சூப்பர்ஸ்டார்ஸ் இறுதியில் சண்டிகர் லயன்ஸை வென்றது. அணிகள் எல்லாமே எஸ்ஸெல் குழுமத்தின் உடைமை. கிரிக்கெட் வாரியம் அதில் ஆடியவர்களைத் தடை செய்தது, அடுத்த ஆண்டு ஐ.பி.எல். வந்தது, 2009-ல் வாரியமே மன்னிப்புக் கொடுத்து ஆட்களைத் திரும்ப அழைத்தது, கதை முடிந்தது. வாலிபாலில் 2019 பிப்ரவரியில் ஆறு அணிகளோடு ப்ரோ வாலிபால் லீக். ஆட்டங்கள் கொச்சியிலும் சென்னையிலும். இறுதி ஆட்டம் நேரு உள்ளரங்கிலேயே நடந்தது. நவீன் ராஜா ஜேக்கப் ஆடிய சென்னை ஸ்பார்ட்டன்ஸ், காலிகட் ஹீரோஸை நேர் செட்களில் தோற்கடித்தது. ஒரே பருவம்தான். வாலிபால் கூட்டமைப்பு நடத்துநரோடு செய்த ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது, விவகாரம் நீதிமன்றம் போனது.

பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. 2022-ல் பிரைம் வாலிபால் லீக் என்ற புதுப் பெயரில் ஆட்டம் திரும்பியபோது பழைய ஆறில் நான்கு அணிகள் வந்தன. காலிகட் வந்தது, கொச்சி வந்தது, அகமதாபாத்தும் ஹைதராபாத்தும் வந்தன. சாம்பியன் சென்னை ஸ்பார்ட்டன்ஸ் வரவில்லை. அதன் இடத்தில் சென்னை பிளிட்ஸ் என்று புது அணி. இறுதியில் தோற்ற காலிகட் ஹீரோஸ் விடாமல் நின்று 2024-ல் பட்டமே வாங்கியது. லீக் செத்தாலும் அணி பிழைக்கலாம் என்பதற்கு இது சான்று. பிழைக்க ஆள் வேண்டும், ஊரும் வேண்டும். கேரளத்தின் மலபார் பக்கம் வாலிபால் எவ்வளவு ஊறிய ஆட்டம் என்பது தெரிந்தவர்களுக்கு காலிகட் திரும்பியதில் ஆச்சரியம் இருக்காது. நம் கரையிலும் வாலிபால் ஊறிய ஆட்டம்தான். ஆனால் ஸ்பார்ட்டன்ஸை நடத்தியவர்கள் சென்னையைத் தாண்டி எட்டிப் பார்க்கவில்லை. திருவாரூரோ தூத்துக்குடியோ புதுக்கோட்டையோ அந்த அணியைத் தன்னுடையது என்று நினைக்க எந்தக் காரணமும் வைக்கவில்லை.

சொந்த மைதானம் இல்லாததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று முடித்துவிட ஆசையாக இருக்கும். ப்ரோ கபடி அந்த வாதத்தை உடைத்துவிடும். அதுவும் கூட்டமாக ஊர் ஊராக நகரும் லீக். கொரோனா காலத்தில் ஒரு பருவம் முழுக்க பெங்களூரில் ஒரே இடத்தில் பூட்டிவைத்து ஆடினார்கள். அது 2014-லிருந்து நிற்கிறது. வித்தியாசம் என்னவென்றால், 2015-ல் ஸ்டார் நிறுவனம் லீக்கை நடத்தும் மஷால் ஸ்போர்ட்ஸின் 74 சதவீதப் பங்கை வாங்கிவிட்டது. ஒளிபரப்புகிறவரே உடைமைக்காரர். ஒளிபரப்பு நின்றால் அவருக்கே நஷ்டம். கூட்டமைப்பும் எதிர்க்கவில்லை. அணிகளுக்குத் தனித்தனி முதலாளிகள் இருந்தார்கள். ஆகவே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும்: இந்த அணி இல்லாமல் போனால் நஷ்டம் யாருக்கு? தமிழ் தலைவாஸ் விஷயத்தில் பதில் உண்டு. சென்னை ஸ்லாம் விஷயத்தில் பதில் இல்லை. ஆடிய வீரர்களுக்குமே நஷ்டம் இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

ஏனென்றால் தமிழ்நாட்டில் கூடைப்பந்து ஆடிச் சம்பளம் வாங்கும் வழி வெகுகாலமாக இருக்கிறது. அதற்குப் பெயர் டிபார்ட்மென்ட் டீம். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, வருமான வரி, சுங்கம், காவல்துறை. உயரமான பையனைப் பத்து, பன்னிரண்டு வயதில் பி.டி. வாத்தியார் பிடிக்கிறார். விளையாட்டு விடுதியில் சேர்கிறான். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி. அங்கே ஆடும்போது வங்கியிலிருந்தோ ரயில்வேயிலிருந்தோ ஆள் வந்து பார்க்கிறார். வேலை கிடைக்கிறது. முப்பத்தைந்து வயதுவரை ஆட்டம், அதற்கப்புறம் அறுபதுவரை அலுவலக மேசை, பிறகு ஓய்வூதியம். காலையில் பயிற்சி, போட்டி வந்தால் டியூட்டியாகக் கணக்கு. மாநில அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடும் உண்டு. நியாயமாகப் பார்த்தால் இதுதான் நம்முடைய தொழில்முறைக் கூடைப்பந்து. பெயர் மட்டும் அப்படி இல்லை.

சில வாரங்களுக்குச் சம்பளம் கொடுக்கும் ஒரு லீக் இந்த ஆளிடம் வந்து என்ன கேட்கிறது? அலுவலகத்தில் என்.ஓ.சி. வாங்கு, கூட்டமைப்பின் முகத்தைச் சுளிக்க வைத்தாலும் பரவாயில்லை, வந்து ஆடு என்கிறது. வந்து ஆடினார்கள். லீக் நின்றபோது திரும்பி வங்கிக்குப் போய்விட்டார்கள். யாரும் தெருவுக்கு வரவில்லை, நல்லதுதான். ஆனால் யாருக்கும் வலிக்காத சாவு என்பதால் யாரும் காப்பாற்றவும் வரவில்லை.

கூட்டமைப்பின் பங்கையும் சொல்ல வேண்டும். இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 2010-லேயே ஐ.எம்.ஜி. ரிலையன்ஸோடு 30 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. லீக் வரும் வரும் என்றார்கள், அந்த ஏற்பாட்டில் கடைசிவரை வரவில்லை. 2015-ல் கூட்டமைப்பே கே. கோவிந்தராஜ் தரப்பு, பூனம் மகாஜன் தரப்பு என்று இரண்டாகப் பிளந்து நின்றது. கடைசியில் உலகக் கூட்டமைப்பான ஃபிபா கோவிந்தராஜ் தரப்பை அங்கீகரித்தது. யூ.பி.ஏ. நுழைந்தது இந்தச் சந்தில்தான், அங்கீகாரம் இல்லாமலேயே. கூட்டமைப்பு தன் சொந்த லீக்கான ஐ.என்.பி.எல்.லை ஐவர் ஆட்டமாக நடத்த 2022 ஆகிவிட்டது. ஆறு அணிகள் கொச்சி, ஜெய்ப்பூர், புனே என்று சுற்றி ஆடி பெங்களூரில் முடித்தன. முதல் பட்டம் சென்னை ஹீட்டுக்கு. பட்டம் மீண்டும் சென்னைக்கு, ஆனால் சுற்றுகளில் ஒன்றுகூடச் சென்னையில் இல்லை. அங்கீகாரம் கிடைத்தும் பழைய யூ.பி.ஏ. அச்சிலேயே லீக்கை வார்த்தது எனக்குப் பிடிபடாத காரியம். அதே 2022 ஏப்ரலில் சென்னையில் நடந்த தேசிய சீனியர் போட்டியில் தமிழ்நாடு ஆண்கள் அணி பஞ்சாப்பை வென்று சாம்பியன் ஆகியிருந்தது. சொந்த மண்ணில் ஜெயித்த சூடு ஆறுவதற்குள் சென்னை அணிக்குச் சென்னையில் சில ஆட்டங்களாவது கொடுத்திருக்கலாம்.

இதையெல்லாம் நம் நாட்டுக் குறையாக மட்டும் பார்த்தால் தப்பு. உலகின் பெரிய லீகே செத்த அணிகளின் மேல் நிற்கிறது. இன்று என்.பி.ஏ. தன் வரலாற்றின் முதல் ஆட்டமாகக் கணக்கு வைத்திருப்பது 1946 நவம்பர் 1 அன்று டொரன்டோவில் நடந்தது. டொரன்டோ ஹஸ்கீஸும் நியூயார்க் நிக்கர்பாக்கர்ஸும் ஆடின. ஹாக்கி பிடித்த ஊரில் ஆளைச் சேர்க்க, ஹஸ்கீஸின் ஜார்ஜ் நாஸ்ட்ராண்டைவிட உயரமானவர்களுக்கு இலவச அனுமதி என்று விளம்பரம் செய்தார்கள். அவர் 6 அடி 8 அங்குலம். நியூயார்க் 68-66 என்று வென்றது. அந்தப் பருவத்தில் ஹஸ்கீஸ் 22 வெற்றி, 38 தோல்வி. அதோடு கடையைக் கட்டியது. அந்த ஊருக்கு மறுபடி என்.பி.ஏ. அணி வர 1995 ஆனது. அந்த ரேப்டர்ஸ் 2019-ல் கோப்பை வென்றபோது தெருவில் இறங்கிக் கொண்டாடியவர்களில் ஸ்கார்பரோவின் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஹஸ்கீஸை அந்த ஊர் அப்படியே விட்டுவிடவில்லை. 2016-17 பருவத்தில், எழுபதாம் ஆண்டை ஒட்டி ரேப்டர்ஸ் சில ஆட்டங்களில் ஹஸ்கீஸ் பனியனைப் போட்டு ஆடியது. ஒரே வருடம் இருந்த அணி. ஆனால் அது தன் ஊரில், தன் அரங்கில் ஆடியிருந்தது.

இன்னொரு அணி இதைவிட விசித்திரம். ஏ.பி.ஏ. என்ற போட்டி லீகில் 1974 முதல் 1976 வரை இரண்டே பருவம் ஆடிய ஸ்பிரிட்ஸ் ஆஃப் செயின்ட் லூயிஸ். உரிமையாளர்கள் ஓஸி, டேனியல் சில்னா சகோதரர்கள், பாலியஸ்டர் துணி வியாபாரத்தில் காசு பார்த்தவர்கள். 1975 பிளே-ஆஃபில் ஜூலியஸ் எர்விங் ஆடிய நியூயார்க் நெட்ஸை 4-1 என்று வீழ்த்தியதுதான் அணியின் பெரிய சாதனை. இளம் மோசஸ் மலோனும் கொஞ்ச காலம் அங்கே ஆடினார். 1976-ல் ஏ.பி.ஏ.யின் நான்கு அணிகளை மட்டும் என்.பி.ஏ. சேர்த்துக்கொண்டது. வெளியே நின்ற கென்டக்கி கர்னல்ஸின் முதலாளி ரொக்கம் வாங்கிக்கொண்டு போனார். சில்னா சகோதரர்கள் கொஞ்சம் ரொக்கத்தோடு, சேர்ந்த நான்கு அணிகளுக்கும் கிடைக்கும் தொலைக்காட்சிப் பணத்தில் ஏழில் ஒரு பங்கு, அதுவும் என்றென்றைக்கும், என்று எழுதி வாங்கினார்கள். அன்று அந்தப் பணம் ஒன்றுமே இல்லை. பிறகு பெருகியது. இல்லாத அணிக்காக என்.பி.ஏ. பல பத்தாண்டு பங்கு கட்டிக்கொண்டே இருந்து, 2014-ல் 50 கோடி டாலர் கொடுத்துத்தான் அந்தத் தொந்தரவைப் பெருமளவு தீர்த்துக்கொண்டது. திருப்பூர்க்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னால் கூடைப்பந்தைப் பற்றிக் கேட்கமாட்டார், பத்திரத்தை எழுதிய வக்கீல் யார் என்றுதான் கேட்பார். அணி போனாலும் நஷ்டப்பட மறுத்த ஆட்கள் அங்கே இருந்தார்கள். சென்னை ஸ்லாமுக்கு அப்படி உரிமை கேட்டு வாசலில் நிற்க ஒருவரும் இல்லை.

நம் பக்கத்தில் அப்படி நிற்பவர்கள் யார் என்றால் பெரியகுளத்தைச் சொல்வேன். தேனி மாவட்டத்துச் சின்ன ஊர். அங்கே சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற சங்கம் பி.டி. சிதம்பர சூரிய நாராயணன் நினைவுச் சுழற்கோப்பைக்காக அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியை அறுபதாண்டுக்கு மேலாக நடத்துகிறது. கோடை விடுமுறையில் ராணுவ அணி, வங்கி அணி, ரயில்வே அணி எல்லாம் அந்த ஊருக்கு வருகின்றன. மாலையில் விளக்கைப் போட்டால் ஊர் கூடிவிடும். கோவையில் பி.எஸ்.ஜி. கோப்பையும் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பையும் அந்த ரகம். ஜெகதாப்பட்டினத்து வாலிபால் நோட்டீஸில் இருக்கும் அதே கணக்குதான் அங்கேயும்: ஒரு பெயர், அதைக் காக்க ஒரு குடும்பம் அல்லது சங்கம், வருடம் தவறினால் கேட்க ஓர் ஊர். இந்தப் போட்டிகளில் ஆடும் வீரர்களில் பலர் லீகுகளிலும் ஆடியவர்கள். பெரியகுளத்து ரசிகருக்கு அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். அவர்களில் யார் எந்த லீக் அணிக்கு ஆடினார் என்று கேட்டால் யோசிப்பார்.

இந்தச் சங்கங்களையும் டிபார்ட்மென்ட் டீம்களையும் ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் ஒவ்வொரு லீக்கும் தொடங்குகிறது. கோவைக்கு ஓர் அணி, பெரியகுளத்தில் நான்கு ஆட்டம், வங்கியோடு முன்கூட்டியே பேசி வீரர்களுக்கு மூன்று மாத விடுப்பு என்று யோசித்தால் செலவும் குறையும். ஆனால் அப்படி யோசிப்பவருக்கு மும்பை ஸ்டூடியோவில் மதிப்பு இருக்காதோ என்னவோ.

இன்னொன்றும் பாக்கி இருக்கிறது. சென்னை சூப்பர்ஸ்டார்ஸ், ஸ்லாம், ஸ்பார்ட்டன்ஸ், ஹீட், எல்லாமே ஆண்கள் அணிகள். தமிழ்நாடு தந்த கூடைப்பந்து வீரர்களில் நாடறிந்த பெயரோ அனிதா பால்துரை. சென்னைக்காரர், தெற்கு ரயில்வே ஊழியர். 19 வயதில் இந்திய அணித் தலைவர், 2000 முதல் 2017 வரை ஒன்பது ஆசியச் சாம்பியன்ஷிப் போட்டிகள், 2021-ல் பத்மஸ்ரீ. சென்னை ஸ்லாம் கோப்பை தூக்கிய வருடங்களில் அவர் இன்னும் இந்தியாவுக்கு ஆடிக்கொண்டுதான் இருந்தார். அந்தப் பதினேழு வருடத்தில் சென்னையின் பெயரில் அவர் ஆடுவதற்கென்று ஒரு தொழில்முறை மகளிர் அணியை யாரும் தொடங்கவில்லை. மாதா மாதம் சம்பளம் போட்டது ரயில்வேதான்.